நியூசிலாந்துக்குக் கிளம்பும் நர்ஸ்களுக்கு: அங்கே ‘லெஃப்ட்’ நம் காதில் ‘லிஃப்ட்’ என்றுதான் விழும்

எங்கள் கல்லூரி ஜூனியர் ஒருத்திக்கு நியூசிலாந்து நர்சிங் பதிவு கிடைத்துவிட்டது. போன வாரம் கூப்பிட்டு, “அக்கா, என்னென்ன எடுத்துட்டு வரணும்?” என்று கேட்டாள். ஸ்வெட்டர், பிரஷர் குக்கர், தைலம் என்று ஒரு பட்டியல் சொன்னேன். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தபோது ஒரு மணி நேரம் போதவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் கிளம்பியபோது விசா பற்றிச் சொல்ல ஆள் இருந்தது, குளிரைப் பற்றிச் சொல்ல ஆள் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பேசும் இங்கிலீஷில் உயிரெழுத்துகள் நாம் படித்த இடத்தில் இருக்காது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதை நானாகத் தெரிந்துகொள்வதற்குள் மூன்று நான்கு மாதம் போயிற்று. கையிலிருந்த பணமும் கரைந்தது. கூடவே நிறைய அழுகை.

நான் நாகர்கோவில் பக்கம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, சென்னையில் வெளிநாட்டு நோயாளிகள் வந்துபோகும் ஆஸ்பத்திரியில் சில வருடங்கள் வேலை பார்த்தவள். ஓஇடி என்ற, மருத்துவப் பணியாளர்களுக்கான இங்கிலீஷ் தேர்வில் கேட்டல் பகுதியில் ‘பி’ வாங்கினேன். போதாததற்குக் கிளம்பும் முன் ஆன்லைனில் உச்சரிப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றில் 25,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தது முழுக்க அமெரிக்க உச்சரிப்பு. சேரும்போது எந்த நாட்டுக்குப் போகிறாய் என்று அவர்கள் கேட்கவே இல்லை. ‘ஹாட் வாட்டர்’ என்பதில் வரும் ‘ஹாட்’டை அமெரிக்கர்கள் போல ‘ஆ’வை நன்றாகத் திறந்து சொல்லப் பழக்கினார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு தாத்தாவைக் குளிப்பாட்டும்போது “ரொம்ப ஹாட்டா இருக்கா?” என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் நெஞ்சில் கையை வைத்து, அங்கே ஒன்றும் வலி இல்லை என்றார். நியூசிலாந்துக்காரர் காதில் ‘ஹாட்’ என்றால் இதயம். சூட்டைச் சொல்ல ‘ஹொட்’ என்று ஒகரத்தில் சொல்ல வேண்டும். கட்டிய பணத்தில் நான் கற்றுக்கொண்டது என்னையே எதிர்த்து வேலை செய்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வகுப்பில் சேருவதாக இருந்தால், சொல்லித்தருபவர் எந்த நாட்டு உச்சரிப்பைச் சொல்லித்தருகிறார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பொதுவான ‘நியூட்ரல் ஆக்சென்ட்’ என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

பெரிய நஷ்டம் வாடகை வீட்டு விஷயத்தில் வந்தது. முதல் சில நாள் மோட்டலில் தங்கிக்கொண்டு வீடு தேடினேன். ஒரு வீடு பிடித்திருந்தது, வேலைக்கு நடந்தே போகலாம். ஏஜென்ட் பெண் போனில் தன் மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நானும் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பினேன். பதிலே இல்லை. கடைசியில் நேரில் போய்க் கேட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. என் விண்ணப்பம் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவர் ‘ஏ’ என்று சொன்ன எழுத்து என் காதில் ‘ஐ’ என்று விழுந்திருக்கிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ‘டே’, ‘நேம்’ போன்ற சொற்களில் வரும் ஏகாரம் வாயை அகலத் திறந்து ஆரம்பிக்கும், நமக்கு அது ‘டை’, ‘நைம்’ மாதிரி கேட்கும். ‘ஐ’ என்ற எழுத்தையோ அவர்கள் இன்னும் உள்ளே தள்ளி ‘ஆய்’ போலச் சொல்வார்கள். அடுத்த வீடு கிடைக்கும்வரை மோட்டல் வாடகை மட்டும் இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆனது. முதல் சம்பளம் வரும் முன்னால் அவ்வளவு பணம் போனது எனக்குப் பெரிய அடி. வீட்டுக்குப் போன் செய்து சொல்லக்கூட மனசு வரவில்லை. இப்போதெல்லாம் போனில் யார் எழுத்து சொன்னாலும் “ஆல்ஃபாவா, இந்தியாவா?” என்று கேட்டுவிடுகிறேன். விமானிகள் பயன்படுத்தும் அந்த ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை ஊரிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். முடிந்த இடத்திலெல்லாம் “குறுஞ்செய்தியாக அனுப்ப முடியுமா?” என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். டியூட்டி மாறும்போது இரவு நர்ஸ் ஒவ்வொரு அறையாக விவரம் சொல்லிக்கொண்டு போவார். ஆறாம் அறை ‘ரூம் சக்ஸ்’, பத்தாம் அறை ‘ரூம் டின்’. இடுப்பு எலும்பு அறுவை முடிந்து வந்திருந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது, “லிஃப்ட் லிக்” தலையணை மேல் இருக்க வேண்டும் என்றார். லிஃப்ட் என்றால் தூக்கு. சரி, காலைத் தூக்கி வைக்கச் சொல்கிறார், ஆனால் எந்தக் காலை? “விச் லெக்?” என்று கேட்டேன். “த லிஃப்ட் லிக்” என்றார். மறுபடி கேட்டேன். அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தன் இடது தொடையில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். அவர் சொன்னது லெஃப்ட். இடது கால். எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்குத் துணி அலமாரி அறைக்குள் போய் நின்று அழுதேன். இங்கிலீஷ் தெரியாமல் வந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. என் ஒப்பந்தத்தில் முதல் 90 நாள் சோதனைக் காலம் என்று எழுதியிருந்ததால், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

அந்த இல்லத்தில் கோட்டயத்துக்காரி ஒருவர் பல வருடமாக வேலை பார்த்தார். சேச்சிதான் என்னை உட்கார வைத்துப் பேசினார். “மோளே, புரியலைன்னா திரும்பச் சொல்லுங்கன்னு கேட்காதே. அவங்க அதே மாதிரிதான் திரும்பச் சொல்லுவாங்க. நீ புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிக் காட்டு.” எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே விலைமதிப்புள்ளது அதுதான். “பார்டன்?” என்று கேட்டால் அதே சத்தம் இன்னும் உரக்க வரும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, பதிலில் வேறு சொல் வரும்படி கேள்வியை மாற்ற வேண்டும். “இடது காலா, வலது காலா?” என்று இரண்டையும் வைத்துக் கேட்டால் “நாட் த ரைட்” என்றாவது பதில் வரும், அதில் குழப்பம் இல்லை. எண் என்றால் 15, 50 போன்றவற்றை “ஒன், ஃபைவ்” என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுங்கள். மருந்து, அளவு, பக்கம், நேரம் இந்த நான்கையும் ஒருபோதும் காதை மட்டும் நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள், சார்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நன்றாகக் காதில் விழுந்தது என்று தோன்றினாலும் பாருங்கள். ‘லிஃப்ட்’ என்பது எனக்கு மிகத் தெளிவாகத்தான் கேட்டது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது இன்னும் ஆபத்தானது. நாம் பேசுவதும் அவர்களுக்கு இடம் மாறித்தான் கேட்கும். நான் நம் ஊர் இகரத்தில் “லிஃப்ட்” என்று சொன்னால் அது அவர்கள் காதில் லெஃப்ட். ‘பின்’ கேட்டால் பேனா வரும். நோயாளியை இரண்டு பேராகத் தூக்கும்போது “லிஃப்ட்” என்று குரல் கொடுத்தால், எதிரில் நிற்கும் உதவியாளர் இடது பக்கம் நகரப் பார்ப்பார். அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். “அப்” என்கிறேன், இடதுக்கு “லெஃப்ட் ஹேண்ட் சைட்” என்று நீட்டிச் சொல்கிறேன், கையாலும் காட்டுகிறேன். உச்சரிப்பை அவர்கள் மாதிரி மாற்றிக்கொள்ள முயல வேண்டாம். பாதி மாறிய உச்சரிப்பு யாருக்கும் புரியாது. குழப்பும் சொல்லைக் கைவிட்டுக் குழப்பாத சொல்லை எடுப்பது எளிது, உடனே பலனும் தரும்.

நிலைமை மாற ஆரம்பித்தது, இது தாறுமாறு அல்ல, ஒரு வரிசை என்று புரிந்த பிறகு. கவனித்துப் பார்த்தால் மெய்யெழுத்துகள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ப, ட, ல எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். நகர்ந்தது உயிரெழுத்து மட்டும், அதுவும் ஒன்றையொன்று தள்ளி ஆளுக்கு ஒரு படி. வாணலியைக் குறிக்கும் ‘பேன்’ நம் ‘பென்’ இடத்துக்கு வந்துவிடும். பேனாவைக் குறிக்கும் ‘பென்’ நம் ‘பின்’ இடத்துக்கு ஏறிவிடும். ‘பின்’ இருக்க இடமில்லாமல் நாக்கின் நடுவுக்கு ஒதுங்கி, ‘பன்’ போல ஒரு மங்கலான சத்தமாகிவிடும். ஒருவர் எழுந்து உட்கார, பக்கத்தில் இருந்தவரும் நகர வேண்டியதாகிவிட்டது போல. இந்த மூன்று படி மனதில் பதிந்துவிட்டால் ‘பெட்’ ஏன் ‘பிட்’ ஆகிறது, ‘செஸ்ட்’ ஏன் ‘சிஸ்ட்’ ஆகிறது, ‘நெக்’ ஏன் ‘நிக்’ ஆகிறது என்பதெல்லாம் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. நமக்கு இது புதிதும் இல்லை. எழுதும்போது இலை, இடம், உடம்பு என்று எழுதுகிறோம், வாயைத் திறந்தால் எலை, எடம், ஒடம்பு. அதைக் கேட்டு எந்தத் தமிழனும் தடுமாறுவதில்லை, காரணம் சின்ன வயதிலிருந்தே அந்தக் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்துக் கணக்கையும் அப்படி உள்ளே போட வேண்டும், அவ்வளவுதான்.

நான் செய்தது ஒரு நோட்டு போட்டது. லண்டனில் ஒலியியல் பேராசிரியராக இருந்த ஜான் வெல்ஸ் என்பவர் 1982இல், இங்கிலீஷின் உயிரொலிகளை 24 மாதிரிச் சொற்களை வைத்து வகைப்படுத்தினார். ‘கிட்’ வகை, ‘டிரெஸ்’ வகை, பொறியைக் குறிக்கும் ‘டிராப்’ வகை என்று. எந்த ஊர் உச்சரிப்பாக இருந்தாலும், ஒரு வகையில் உள்ள சொற்கள் பெரும்பாலும் சேர்ந்தே நகரும் என்பதுதான் அதன் பயன். எனக்கு 24ம் தேவைப்படவில்லை. இந்த மூன்று தலைப்பில் மட்டும், வார்டில் அன்றாடம் வரும் சொற்களை எழுதினேன். டிரெஸ் தலைப்பின் கீழே லெஃப்ட், லெக், ஹெட், பெட், செஸ்ட், ரெஸ்ட், டென், செவன். கிட் தலைப்பின் கீழே லிஃப்ட், ரிஸ்ட், ஸ்கின், சிக்ஸ், பில். டிராப் தலைப்பின் கீழே பேட், பேன், பேக், ஹேண்ட். பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் பேசுகிறவர்கள் வாயிலிருந்து இந்தச் சொற்கள் வருகின்றனவா என்று கேட்டுக்கொண்டே போவேன். சில வாரத்தில் காது திரும்பிவிட்டது.

தமிழ் பேசுபவர்களுக்கு இங்கே ஒரு பெரிய சாதகமும் உண்டு. நியூசிலாந்தில் ‘ஹட்’டுக்கும் இதயத்தைக் குறிக்கும் ‘ஹாட்’டுக்கும், ‘கட்’டுக்கும் ‘காட்’டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட நீளம் மட்டும்தான், குறில் நெடில். கல், கால் என்று வளர்ந்த காதுக்கு அது கஷ்டமே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மற்ற நாட்டு நர்ஸ்கள் திணறியபோது எனக்குத் தடுமாற்றம் இருந்ததில்லை.

முதல் மாதத்தில் நான் முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே உள்ளூர் ஆள், தொண்ணூறை நெருங்கிய ஒரு பாட்டி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தெற்குக் கோடியில் சவுத்லாந்துப் பகுதியில் கோர் என்ற ஊரில் பிறந்தவர். அவர் என்னை “நர்ஸ்” என்று கூப்பிடும்போது நம் ஊரில் சொல்வது போலவே நடுவில் ‘ர்’ தெளிவாக ஒலிக்கும். மற்றவர்கள் யாரும் அந்த ‘ர்’ரைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதைக் கேட்கவே ஆசையாக இருக்கும். 1848இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து டனீடினில் குடியேறினார்கள், அங்கிருந்து தெற்கே பரவியவர்கள் அந்த ‘ர்’ரை விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்று அவர்தான் சொன்னார். தன் பேத்திகள் பேசுவது தனக்கே சில நேரம் புரிவதில்லை என்பார். ஒரே நாட்டுக்குள், ஒரே குடும்பத்துக்குள், மூன்று தலைமுறைக்குள் உயிரெழுத்து நகர்ந்துவிடுகிறது. அதனால் வயதானவர்களிடம் முதலில் பேசிப் பழகுங்கள். அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது.

இளையவர்களிடம் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ‘இயர்’ரும் ‘ஏர்’ரும் பலருக்கு ஒன்றாகிவிட்டன. பியர் குடிப்பதும் கரடியும் ஒரே சத்தம், நாற்காலியும் ‘சியர்ஸ்’ சொல்வதும் ஒரே சத்தம். இருபது வயது உதவியாளர் ஒருத்தி ஒரு பாட்டியின் “இயர்” சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் காதுகேட்கும் கருவியைக் கழற்றித் துடைத்து, பேட்டரி மாற்றி, காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தையில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது ஏர். பாட்டியே “முதுகு இரும்பில் படுதம்மா” என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னபிறகுதான் குனிந்து பார்த்தேன். நல்லவேளை, தோல் சிவக்கவில்லை. இப்படி இரண்டு ஒலி ஒன்றாகிவிட்ட இடத்தில் எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் பயனில்லை, வித்தியாசம் அங்கே இல்லவே இல்லை. “ஏர் மேட்ரஸா?” என்று கூட ஒரு சொல் சேர்த்துக் கேட்பதுதான் வழி.

ஏன் இப்படி ஆனது என்று தேடியபோது ஒரு விஷயம் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. 1946 முதல் 1948 வரை நியூசிலாந்து வானொலியின் ஒலிப்பதிவு வண்டி ஒன்று சிறு ஊர்களுக்கெல்லாம் போய், முதியவர்கள் சொன்ன பழைய நினைவுகளைத் தட்டுகளில் பதிந்தது. பேசியவர்களில் பலர் 1850களிலிருந்து 1890களுக்குள் அங்கேயே பிறந்தவர்கள். நான் வேலை பார்த்த அதே கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில், எலிசபெத் கார்டன் முதலிய ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்துக் கேட்டு, இந்த உச்சரிப்பு எப்படி உருவானது என்று ஆராய்ந்தார்கள். ‘பேன்’னும் ‘பென்’னும் முதலில் மேலே ஏற, ‘பின்’ கடைசியாக ஒதுங்கியது என்பது அதில்தான் தெரிந்தது. 1900 வாக்கில் அங்கிருந்த பள்ளி ஆய்வாளர்கள், பிள்ளைகளின் உச்சரிப்பு கெட்டுவிட்டது என்று அறிக்கைகளில் குறைப்பட்டிருக்கிறார்கள். குடியேறியவர்களின் பிள்ளைகள் கூடி விளையாடி உண்டாக்கிய பேச்சு அது, அதற்கும் அன்றைக்குத் திட்டு விழுந்திருக்கிறது. இதைப் படித்த பிறகு “இவர்கள் ஏன் தப்பாகப் பேசுகிறார்கள்” என்ற எரிச்சலும், “நான் தப்பாகப் பேசுகிறேனோ” என்ற கூச்சமும் ஒன்றாகவே விலகின.

நியூசிலாந்துக்குப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும், கணக்கு மட்டும் வேறு. ஆஸ்திரேலியாவில் இகரம் எதிர்த் திசையில் போகிறது, ‘ஃபிஷ்’ அங்கே ‘ஃபீஷ்’ மாதிரி இறுகிக் கேட்கும். அதே மீனை நியூசிலாந்துக்காரர் ‘ஃபஷ்’ என்பார், இரண்டு நாட்டுக்காரர்களும் இதை வைத்துத்தான் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் பக்கம் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். அங்கே ‘பஸ்’ஸைப் ‘புஸ்’ என்பார்கள், ‘கப்’ ‘குப்’ ஆகும், ‘பாத்’ என்ற குளியல் குறிலாகிப் ‘பத்’ ஆகும். தெற்கு இங்கிலாந்தில் சில நூற்றாண்டுகளுக்கு முன் உகரம் இரண்டாகப் பிரிந்தது, வடக்கில் பிரியவே இல்லை. ஸ்காட்லாந்தில் இழுப்பதைச் சொல்லும் ‘புல்’லும் குளத்தைச் சொல்லும் ‘பூல்’லும் ஒன்றுதான். ஆகவே ‘இங்கிலீஷ் கேட்டுப் பழகு’ என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த ஊர் இங்கிலீஷ் என்று கேளுங்கள்.

கடைசியாக, எப்போது, எதைக் கேட்பது என்பது. விசா விண்ணப்பம் போட்ட அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள், காசு செலவில்லை. ரேடியோ நியூசிலாந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செய்தி வாசிப்பவர்களை மட்டும் கேட்டால் போதாது, அவர்கள் கொஞ்சம் திருத்தமாகப் பேசுவார்கள். விவசாயிகள், மீனவர்கள், கடைக்காரர்களைப் பேட்டி காணும் நிகழ்ச்சிகளைத் தேடிக் கேளுங்கள். வானிலை அறிக்கை எனக்கு ரொம்ப உதவியது, தினமும் அதே சொற்கள், எண்கள் நிறைய வரும், சரியாகக் கேட்டோமா என்று இணையத்தில் உடனே சரிபார்த்துவிடலாம். ஐந்து நிமிடத் துண்டை எடுத்து, கேட்டதைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பாருங்கள். ‘டின்’, ‘சக்ஸ்’ என்று காதில் விழுந்தபடியே எழுதுங்கள், பிறகு அது என்ன சொல் என்று கண்டுபிடியுங்கள். என் கணவரும் மகனும் வருவதற்கு முன் இரண்டு பேரையும் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இப்படி உட்கார வைத்தேன். மகன் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே டீச்சர் சொன்னதைப் புரிந்துகொண்டு வந்தான். கணவருக்கு ஏஜென்ட்டிடம் பேச மட்டும் இன்னும் தயக்கம், அந்த ஆல்ஃபா பிராவோ தாளைப் போன் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.